இடியின் முகத்துக்கு ஏற்ற நிறம்

அந்தப் படத்துக்காக வாங்கிய புதுக் கேமராவுக்கு இரக்கமே கிடையாது. மனிதக் கண் பெருந்தன்மையாக விட்டுவிடுகிற எல்லாவற்றையும் அது பிடித்துப் பெரிதாக்கிக் காட்டும். மூக்கோரத்துச் சிவப்பு, தாடையில் சவரக் கத்தி விட்டுவைத்த சாம்பல் நிழல், ஒவ்வொரு மயிர்க்காலும். சோதனைக்காகக் கதாநாயகனை அதன் முன்னால் உட்காரவைத்த அன்று, மானிட்டரைப் பார்த்த டைரக்டர் தலையில் கைவைத்துக்கொண்டு நாற்காலியில் சரிந்துவிட்டார்.

கதாநாயகனை ரசிகர்கள் ‘இடி’ என்று கூப்பிடுவார்கள். குரல் அப்படி. அடி அதைவிட அப்படி. ஆனால் அன்று மானிட்டரில் தெரிந்தது, வாரக்கணக்கில் தூங்காமல் எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டு வந்தவரின் முகம். நெற்றி எவர்சில்வர் தட்டு மாதிரி மின்னியது. கண்ணுக்குக் கீழே கருவளையம், யாரோ கட்டைவிரலால் மை தடவியது போல. படமோ முழுக்க முழுக்க க்ளோஸப்பில் ஓடுகிற கதை. ஒரு தகப்பன் காணாமல் போன மகளைத் தேடி ஒரு பகல் முழுக்க வெயிலில் அலைகிறான். அவன் முகம்தான் படமே.

லேசாக மேக்கப் போட்டுக்கொள்ளலாமே என்று டைரக்டர் பயந்து பயந்து ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் இடி எழுந்து காருக்குப் போய்விட்டார்.

அந்தக் கோபத்துக்குக் காரணம் ஊருக்கே தெரியும். முந்தைய படத்தில் ஒரு மேக்கப்மேன் அவர் முகத்துக்கு மட்டும் தாராளமாக வெள்ளை ஏற்றிவிட்டுக் கழுத்தை மறந்துவிட்டார். பாட்டில் இடி சட்டையைத் திறந்துவிட்டு ஆடியபோது முகம் ஒருவருடையதாகவும் நெஞ்சு வேறொருவருடையதாகவும் இருந்தது. அந்தக் காட்சி ஃபோன் ஃபோனாகப் பறந்தது. ‘மேல்மாடிக்கு மட்டும் பெயின்ட் அடித்த வீடு’ என்று எவனோ அதற்குக் கீழே எழுதிவிட்டான். ரசிகர்களே சிரித்தார்கள். அதிலிருந்து இடி தன் முகத்தில் பிரஷ் படவிடுவதில்லை. இந்தப் படத்துக்காக வந்த இரண்டு மேக்கப்மேன்களில் ஒருவருக்குக் கதவே திறக்கவில்லை. இன்னொருவருக்குத் திறந்தது. அவருடைய பவுடர் டப்பாவை வாங்கிப் பார்த்த இடி, அதை ஃபூவென்று அவர் மேலேயே ஊதி அனுப்பிவைத்தார்.

அப்புறம்தான் கேமராமேன் பஞ்சக்காவைப் பற்றிச் சொன்னார்.

பஞ்சக்கா என்பது யூனிட்டில் வைத்த பெயர். எந்நேரமும் இரண்டு விரலுக்கு நடுவில் ஒரு பஞ்சுத் துண்டு இருக்கும். டீ குடிக்கும்போதுகூட அது கீழே இறங்காது. இதுவரைக்கும் அவள் மேக்கப் போட்டதெல்லாம் நடிகைகளுக்கு. அவர்கள் மேக்கப் தெரியவேண்டும் என்பார்கள், அதுவும் அழகாகத் தெரியவேண்டும் என்பார்கள். ஆண் நடிகனுக்கு அது தெரிந்தாலே மானம் போய்விடும். அந்த வேலை அவளுக்குப் புதிது என்பதாலேயே ஒப்புக்கொண்டாள். நடிகரின் முகத்தை அரை நாள் மட்டும் கொடுங்கள் என்று கேட்டாள். அதுதான் கிடைக்காது, வேண்டுமானால் அந்தச் சோதனைப் படத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டைரக்டர். கல்யாணப் பெண்ணையே காட்டாமல் ரவிக்கை தைக்கச் சொன்ன மாதிரி இருந்தது அவளுக்கு.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, காலை நீட்டி உட்கார்ந்து, அந்தப் பாழாய்ப்போன முகத்தையே நினைத்துக்கொண்டிருந்தாள். அப்போது அவள் கணவர் டியூட்டி முடிந்து வந்தார். அவர் பஸ் கண்டக்டர். தோல்பையை ஆணியில் மாட்டிவிட்டு, மின்விசிறிக்கு நேராக நின்று, காலர் பட்டனைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். பஞ்சக்கா நிமிர்ந்தாள். வைத்த கண் வாங்காமல் எழுந்தாள். டார்ச்சை எடுத்துவந்து, அவர் தாடையைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள். அதே மாநிறம். அதே எண்ணெய் நெற்றி. காலையில் வழித்தாலும் மாலைக்குள் முளைத்துவிடுகிற அதே தாடி. கண்ணுக்குக் கீழே அளவெடுத்து வைத்தது போல அதே கருவளையம்.

“இத்தனை நாளா உங்க முகத்தை நான் சரியாவே பாக்கலைங்க” என்றாள்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் கேட்டிராத வார்த்தை. கண்டக்டருக்குக் காது மடலெல்லாம் சூடாகிவிட்டது. முகம் கழுவிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டார். கழுவவே வேண்டாம், இப்படியே இருங்கள் என்று அவள் குழைந்ததும் இன்னும் குஷியாகிவிட்டார். அவள் மேக்கப் பெட்டியைத் திறந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. மனிதர் அப்படியே காற்றுப் போன பலூனாகிவிட்டார்.

அவள் விடவில்லை. வெயிலும் வியர்வையும் தூசியும் ஒரு முகத்தில் காலை முதல் மாலை வரை படவேண்டும், அத்தனைக்கும் நடுவில் ஒரு சாண் தூரத்தில் நின்று பார்க்கிற கண்களும் வேண்டும், இதெல்லாம் ஒன்றாகக் கிடைக்கிற இடம் உங்கள் பஸ்தான் என்றாள். பயணிகள் எவர் கண்ணுக்கும் படாத மேக்கப், கேமரா கண்ணுக்கும் படாது.

“பவுடர் பூசிக்கிட்டு நான் டிக்கெட் கிழிக்கணுமா? டெப்போவுல என்னை உயிரோட விடுவானுங்களா?”

“கண்டுபிடிச்சாத்தானேங்க அசிங்கம். கண்டுபிடிக்க முடியாத மாதிரி போடுறதுதானே என் வேலை.”

பேச்சில் அவளிடம் தோற்பது அவருக்குப் பழக்கம்தான். மறுநாள் காலையில் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். டீ கொண்டுவந்த அவருடைய அம்மா, மருமகள் தன் மகனுக்குக் கன்னத்தில் பஞ்சு ஒற்றுவதைப் பார்த்தார். டம்ளரை வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போய் உடனே தன் தங்கைக்கு ஃபோன் போட்டார்.

முதல் நாள் போட்டது, மேக்கப்மேன்கள் வழக்கமாக ஆண்களுக்குப் போடுகிற கெட்டியான குச்சி மேக்கப். வீட்டு நிழலில் பார்க்கப் பிரமாதமாக இருந்தது. இரண்டாவது டிரிப்பிலேயே உருக ஆரம்பித்துவிட்டது. வியர்வை வழிந்த வழியெல்லாம் கன்னத்தில் வாய்க்கால் வெட்டியது. காலருக்குப் பாதி முகம் இடம் மாறியது. கண்டக்டரும் டிரைவரும் ஒரே ஊரில் ஒரே பள்ளியில் படித்தவர்கள், பத்து வருடமாக ஒரே வண்டியில் ஓடுகிறவர்கள். டிரைவர் கண்ணாடியில் பின்னால் பார்த்துவிட்டு வண்டியை ஓரங்கட்டினார்.

“மாப்ள, உன் மூஞ்சி இறங்குது. அடுத்த ஸ்டாப்புக்கு டிக்கெட் வாங்கியிருக்கா?”

விஷயத்தைச் சொல்லித்தான் தீரவேண்டியிருந்தது. டிரைவர் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. வெளியே சொல்லமாட்டேன் என்று அன்று அவர் சத்தியம் செய்துகொடுத்தார். அந்தச் சத்தியத்தைக் காப்பாற்ற அவர் பட்ட பாடு சாதாரணமானதில்லை.

அடுத்து வந்தது மெல்லிய ரகம். வழியவில்லை, ஒட்டவில்லை. ஆனால் அது இளஞ்சிவப்புச் சாயல் கொண்டது. மாநிறத்தின் மேல் உட்கார்ந்ததும் சாம்பல் பூத்துவிட்டது. பின் சீட்டில் இருந்த ஒரு அம்மா கண்டக்டரை உற்றுப் பார்த்துவிட்டு எழுந்து தன் இடத்தைக் கொடுத்தார். காய்ச்சலோடு எதற்கு வேலைக்கு வந்தாய், உட்கார் தம்பி என்று கையைப் பிடித்து உட்காரவைத்தார். ஒரு பெரியவர் மாத்திரை கொடுத்தார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்காமல் ஜன்னலோரம் உட்கார்ந்து போன ஒரே டிரிப் அதுதான். சுகமாகத்தான் இருந்தது என்று இரவு சாப்பிடும்போது ஒப்புக்கொண்டார்.

வெயில் தாங்கும் என்று எழுதியிருந்த ஒரு கிரீமையும் போட்டுப் பார்த்தாள். அது வெறுங்கண்ணுக்கு நன்றாகத்தான் இருந்தது. நடு சீட்டில் இரண்டு கல்லூரிப் பெண்கள் ஃப்ளாஷ் போட்டு செல்ஃபி எடுத்தபோது, பின்னால் நின்ற கண்டக்டர் மட்டும் அதில் பேய் மாதிரி வெள்ளையாக விழுந்திருந்தார். அவர்கள் அலறிய அலறலில் முன் சீட்டுக் குழந்தை விழித்துக்கொண்டது.

பஞ்சக்கா சோர்ந்துபோகவில்லை. உண்மையைச் சொன்னால் அவளுக்குக் கொண்டாட்டமாக இருந்தது. இத்தனை வருடம் பழகிய முகத்தில் தினம் ஒரு புது ஊரைப் பார்க்கிற மாதிரி. சட்டையைக் கழற்றச் சொல்லி, கணவரின் நெஞ்சில் ஏழெட்டு நிறங்களை வரிசையாக ஒற்றி வைத்து, மாடிக்குக் கூட்டிப்போய் வெயிலில் நிறுத்தினாள். முகம் வெயிலிலேயே கிடப்பது, அது சொல்லும் நிறத்தை நம்ப முடியாது. நெஞ்சோடு கலந்து காணாமல் போகிற நிறமே முகத்துக்கும் சரி. எதிர் மாடியில் துணி உலர்த்த வந்த பக்கத்து வீட்டு அக்கா, வரிவரியான நெஞ்சோடு நின்ற கண்டக்டரைப் பார்த்துவிட்டு வாளியோடு திரும்பிப் போய்விட்டார்.

நிறம் கிடைத்த பிறகு மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக வழிக்கு வந்தது. கருவளையத்தின் மேல் மாநிறம் பூசினால் அது இன்னும் கறுக்கும். முதலில் பீச் பழத்து ஆரஞ்சை இமைக்குக் கீழே ஒரு துளி ஒற்றி அதன் நீலச் சாயலைக் கொன்றாள். தாடி நிழலுக்கும் அதே வைத்தியம், ஆனால் பாதிக்குப் பாதி. நிழல் அடியோடு போய்விட்டால் ஆண் முகம் பொம்மை முகம் ஆகிவிடும். புருவத்தின் தழும்பையும் மூக்குப் பக்கத்து மச்சத்தையும் தொடவில்லை. பவுடரை ஒதுக்கிவிட்டாள். நெற்றி மின்னினால் தாளால் ஒற்றி எடுங்கள், கொஞ்சம் மினுமினுப்பு இருக்கட்டும், உயிருள்ள தோல் மினுக்கத்தானே செய்யும் என்றாள்.

அன்று பஸ்ஸில் யாரும் ஒன்றும் கவனிக்கவில்லை. ஆனால் எல்லாரும் ஒரு மாதிரி அன்பாக இருந்தார்கள். லீவில் போய்வந்தீர்களா என்று ஒருவர் கேட்டார். சில்லறை இல்லை என்று தினமும் சண்டை பிடிக்கிற ஆள் சரியான சில்லறையை நீட்டிப் புன்னகைத்தான். சிரிக்கத் தெரியாத டெப்போ அதிகாரி, சோப்பு மாற்றினீர்களா என்று காதோரம் விசாரித்துப் பெயரைக் கேட்டுக்கொண்டார். கண்டக்டர் வாயில் வந்த ஏதோ ஒரு சோப்பைச் சொன்னார். டிரைவர் மட்டும் ஒரு சிக்னலில் திரும்பி நிதானமாகப் பார்த்தார்.

“எல்லாம் சரி மாப்ள. காது மட்டும் வேற ஆளோடது.”

பஞ்சக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். காதை மறந்திருந்தாள். கழுத்தை மறந்த மேக்கப்மேனைப் பற்றி இத்தனை நாள் சிரித்தவள் அவள்தான். மறுநாள் காது மடலிலும் பின்கழுத்திலும் லேசாக ஒரு ஒற்று ஒற்றினாள். அன்றைக்கு டிரைவராலும் குறை சொல்ல முடியவில்லை. கண்டக்டர் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மறுநாள் அவள் எழுப்புவதற்கு முன்பே ஜன்னலோர நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தார்.

இனி இடியை ஒத்துக்கொள்ள வைக்கவேண்டும். பஞ்சக்கா டைரக்டரிடம் போய், ஹீரோவை ஒரு நாள் பஸ்ஸில் ஏற்றுங்கள் என்று சொன்னாள். டைரக்டருக்கு வியர்த்துவிட்டது. ஆனால் இடிக்கு அந்த யோசனை பிடித்துப்போயிற்று. அவர் பஸ்ஸில் ஏறிப் பல வருடமாகியிருந்தது. படத்தில் வருகிற தகப்பனும் பஸ்ஸில் போகிறவன்தான், பார்த்துக்கொள்ளலாம் என்றார். மறுநாள் மத்தியானம், தொப்பியும் முகக்கவசமும் கறுப்புக் கண்ணாடியுமாக அவர் நிறுத்தத்தில் நின்ற கோலத்தைப் பார்த்து, பிக்பாக்கெட்டோ என்று நாலு பேர் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள்.

பஞ்சக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். வண்டி கிளம்பியதும் மெதுவாக விஷயத்தைச் சொன்னாள்.

“சார், இந்த பஸ்ல ஒரு ஆம்பளை மேக்கப் போட்டிருக்கார். யாருன்னு கண்டுபிடிச்சிட்டீங்கன்னா நான் இப்படியே இறங்கிப் போயிடுறேன். மேக்கப்ங்கிற பேச்சையே எடுக்கமாட்டேன். கண்டுபிடிக்க முடியலைன்னா உங்க முகத்தை எனக்கு அரை நாள் தரணும்.”

இடி முகக்கவசத்துக்குள் சிரித்தார். முப்பது வருஷமாக மேக்கப்பிலேயே வாழ்கிற தன்னிடமா இந்த விளையாட்டு என்று கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றினார்.

முதலில் ஒரு இளைஞன் மேல் சந்தேகம் விழுந்தது. தலைமுடியை ஜெல் போட்டு ஊசி ஊசியாக நிறுத்தியிருந்தான். எழுந்துபோய் அவன் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்று கன்னத்தைப் பார்த்தார். பரு அத்தனையும் அசல். பிறகு வழுக்கைத் தலை ஒன்று அளவுக்கு மீறிப் பளபளத்தது. குனிந்து பார்த்தார். அது பிறவிப் பளபளப்பு. அங்குலம் அங்குலமாக அவர் ஆண்களை முறைத்துக்கொண்டு போக, என்னய்யா வேண்டும் உனக்கு என்று ஒருவர் எகிறினார். நடுவில் கண்டக்டரிடம் அவர் டிக்கெட் வாங்கினார். ஒரு சாண் தூரத்தில், முகத்துக்கு முகம். இந்த வண்டியில் யாராவது ஆம்பளை மேக்கப் போட்டிருப்பதாகத் தெரிகிறதா என்று அவரிடமே ரகசியமாக விசாரித்தார்.

கண்டக்டர் இடியின் பரம ரசிகர். முதுகில் வியர்வை ஆறாக ஓடியது. ஆனால் முகம் அசையாமல் நின்றது. மூன்றாவது சீட்டில் மீசைக்குச் சாயம் போட்ட பெரியவர் ஒருத்தர் இருக்கிறார் பாருங்கள் என்று கைகாட்டிவிட்டார்.

இடிக்கு வெற்றி கிடைத்துவிட்டது போல ஆகிவிட்டது. நேராகப் பெரியவரிடம் போய், மன்னிக்கணும் என்றபடி ஒரு விரலால் அவர் கன்னத்தைத் தேய்த்தார். விரலில் ஒன்றும் வரவில்லை. பெரியவர் குடையை ஓங்கினார். இடி பின்னால் சாய்ந்தார், தொப்பி விழுந்தது, முகக்கவசம் ஒரு காதில் தொங்கியது.

பிறகு ஜெல் இளைஞன் கத்தினான். “டேய், இடிடா!”

“யாரையும் இடிக்காம நில்லுங்கப்பா” என்றார் கண்டக்டர், பழக்க தோஷத்தில்.

பஸ் குலுங்கியது. முன்னால் இருந்தவர்கள் பின்னாலும், பின்னால் இருந்தவர்கள் முன்னாலும் பாய்ந்தார்கள். டிரைவர் ஓரங்கட்டி நிறுத்திவிட்டு அவரும் ஓடிவந்தார். குடையை ஓங்கிய பெரியவர் அதே குடையில் கையெழுத்துக் கேட்டார். நெரிசலுக்கு நடுவில் இடி பஞ்சக்காவைத் தேடிப் பிடித்தார். தோற்றுவிட்டேன், யாரென்று சொல் என்றார்.

பஞ்சக்கா வாயைத் திறக்கவில்லை. பந்தயம் கட்டியபோது இத்தனை கூட்டத்துக்கு நடுவில் சொல்லவேண்டி வரும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. சொன்னால் நாளையிலிருந்து இதே வண்டியில் அவர் எப்படி ஏறுவார்? சொல்லாவிட்டால் படம் போயிற்று. பையிலிருந்த ஈர டிஷ்யூவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கணவரைப் பார்த்தாள். அப்போது கண்டக்டர் தோல்பையைக் கழற்றி டிரைவர் கையில் கொடுத்தார். அவளிடமிருந்து டிஷ்யூவை வாங்கினார். எல்லாரும் பார்க்க, முகத்தின் வலது பாதியை நிதானமாகத் துடைத்தார்.

“நான்தான் சார்” என்றார்.

பாதி முகம் டியூட்டி முடிந்த முகம். பாதி முகம் லீவு முடிந்து வந்த முகம். பெண்கள் பக்கம் சீட்டிலிருந்து ஒரு குரல் மட்டும் கேட்டது. “நான் இவரு குடிக்கிறதை விட்டுட்டாருன்னுல்ல நெனச்சேன்.”

கண்டக்டர் வாழ்நாளில் குடித்ததே கிடையாது. டிரைவர்தான் முதலில் வெடித்தார். இத்தனை நாள் சத்தியத்துக்காக அடக்கிவைத்த சிரிப்பு மொத்தமும் ஒரேயடியாக வந்தது. இடி கண்டக்டரின் தோளைப் பிடித்து இந்தப் பாதியையும் அந்தப் பாதியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவருக்கும் தொற்றிக்கொண்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, இருமி இருமிச் சிரித்தார். பஸ்ஸே சிரித்தது. எதற்காகச் சிரிக்கிறோம் என்று தெரியாத குழந்தைகளும் சிரித்தன. கண்டக்டரைக் கேலி செய்ய யாருக்கும் தோன்றவில்லை. ஜெல் இளைஞன் மட்டும் பஞ்சக்காவிடம் வந்து, பருவுக்கு ஏதாவது இருக்கிறதா அக்கா என்று கேட்டுவிட்டுப் போனான்.

சொன்ன வாக்குப்படி இடி முகத்தைக் கொடுத்தார். ஸ்டுடியோவில் கேமராமேன் விளக்கைப் போட, டைரக்டர் நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்க, பஞ்சக்கா நாற்காலிக்குப் பின்னால் வந்தாள். முதலில் சட்டை பட்டனைக் கழற்றச் சொன்னாள். கண்டக்டருக்குப் பொருந்திய நிறம் இவருக்குக் கொஞ்சம் மஞ்சளாக இருந்தது. ஒரு பொட்டுச் சிவப்பு கலந்து நெஞ்சில் ஒற்றினாள். அது தோலோடு கரைந்து மறைந்தது. கையோடு கையாக வேலை நடந்துகொண்டிருந்தபோது, இடி தொண்டையைக் கனைத்தார்.

“எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஏம்மா, கலரை ஒரு சுத்து ஏத்திக்கலாமே. கழுத்துக்கும் சேத்தே போட்டுடு. யாருக்கும் தெரியாது.”

பஞ்சக்காவின் கை நின்றுவிட்டது. டைரக்டர் கண்ணாலேயே கெஞ்சினார், போட்டுத் தொலையுங்கள் என்று. இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஒரு சுற்று நிறத்துக்காகக் கெடுத்துக்கொள்வதா? ஆனால் அவளுக்கு அந்தக் கதையில் வருகிற தகப்பன் ஞாபகம் வந்தது. வெயிலில் அலைகிறவன் காட்சிக்குக் காட்சி வெளுப்பானா?

“மாட்டேன் சார்” என்றாள். “உங்க நெஞ்சு என்ன நிறமோ அதுதான் முகம். முதல்ல மானிட்டரைப் பாருங்க. பிடிக்கலைன்னா நீங்களே பவுடரை எடுத்து என் மேல ஊதிடுங்க.”

கேமராமேன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பை அடக்கினார். இடி சிரிக்கவில்லை. எழுந்து கேமரா முன்னால் போய் உட்கார்ந்தார். கேமராமேன் பதிவு செய்தார். பிறகு அவரை அழைத்துவந்து மானிட்டர் முன்னால் நிறுத்தினார்கள்.

இரக்கமில்லாத அந்தக் கேமராவால் அன்றைக்கு எதையும் காட்டிக்கொடுக்க முடியவில்லை. களைப்பு இருந்தது, ஆனால் அது அந்தத் தகப்பனின் களைப்பு. தாடியின் நிழல் இருந்தது, வயது இருந்தது. அவருடைய மச்சம்கூட அதன் இடத்திலேயே இருந்தது. நெற்றியில் வெயில் பட்டது போல ஒரு மினுக்கு. இடி குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். டைரக்டர் ஒரு கை நகம் முழுவதையும் தீர்த்துவிட்டு அடுத்த கைக்குப் போனார்.

“முதல் படத்துலருந்து எனக்கு வெள்ளையடிச்சுத்தான் விட்டிருக்காங்க. என் நிறத்தை நானே திரையில பாத்ததில்லை” என்றார் இடி. குரலில் இடி இல்லை. “எங்கப்பா இப்படித்தான் இருப்பார்.”

அவர் மானிட்டரை இன்னொரு முறை ஓட்டச் சொன்னார். அப்புறம் இன்னொரு முறை. நாலாவது முறை முடிந்ததும் சட்டென்று திரும்பி, லைட் போடுகிறவர், டீ கொடுக்கிறவர், வாசலில் நின்ற காவலாளி என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, நான் மேக்கப் போட்டிருக்கேனா சொல்லு என்று கேட்க ஆரம்பித்தார். இல்லை என்று சொன்னவர்களையெல்லாம் கட்டிப்பிடித்தார். ஆமாம் என்று தவறிச் சொன்ன ஒருவரை, எங்கே என்று காட்டச் சொல்லி வம்பு செய்தார். அவர் மூக்கு நுனியைக் காட்டினார். பஞ்சக்கா ஓடிப்போய்ப் பார்த்தாள். அங்கே ஒட்டியிருந்தது, டீக்காரரைக் கட்டிப்பிடித்தபோது அவர் தோளிலிருந்து வந்த பிஸ்கட் தூள்.

படப்பிடிப்பு முழுக்க வெயில் கொளுத்தியது. பஞ்சக்கா தாளும் பஞ்சுமாகப் பின்னால் ஓடினாள். அழுகிற காட்சியில் கண்ணீர் கன்னத்தில் கோடு போடாமல் வழிந்து இறங்கியதைப் பார்த்துவிட்டு, கேமராவுக்குப் பின்னால் யூனிட்டே கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்க, அவள் ஒருத்தி மட்டும் சந்தோஷத்தில் குதிக்காத குறைதான்.

படம் வந்தது. ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். ஒரு டிவி பேட்டியில் இடி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, இந்தப் படத்தில் நான் மேக்கப்பே போடவில்லை, எல்லாம் இயற்கை என்று அடித்துவிட்டார். வீட்டில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த மாமியாருக்கு ரத்தம் கொதித்தது. என் மகன் முகத்தைப் பாழாக்கிக் கண்டுபிடித்ததை எப்படி இல்லையென்று சொல்லலாம், ஃபோனைப் போடு, நான் கேட்கிறேன் என்று எழுந்துவிட்டார். கண்டக்டரும் முகம் சிவந்துபோய் உட்கார்ந்திருந்தார். இருவரும் பஞ்சக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தரையில் புரண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். பேச்சு வரவே வெகுநேரமாயிற்று.

“அத்தை, இதைவிட நல்ல சர்ட்டிபிகேட்டை எனக்கு யாரு தரப்போறா?”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் மணி அடித்தது. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒருவர். திரையில் வருடத்துக்குப் பத்துக் கொலை செய்கிற வில்லன் நடிகர். பஸ் நேரம் விசாரிக்க வந்தேன் என்றார். மாமியார் அவரைக் கூடத்தில் உட்காரவைத்து டீ போடப் போனார். டீ கொதிப்பதற்குள் மறுபடி மணி. இந்தத் தடவை ஒரு காமெடி நடிகர். கண்டக்டர் எனக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லிக்கொண்டு உள்ளே வந்தவர், வில்லனைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பப் பார்த்தார். அதற்குள் அவருக்குப் பின்னால் இன்னொருவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். படத்துக்குப் படம் அப்பா வேஷம் போடுகிறவர். அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை. இடி ரகசியமாகச் சொன்னான்மா, யாருக்கும் தெரியவேண்டாம் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னான் என்றார்.

என்னிடமும் அப்படித்தான் சொன்னான் என்றார் வில்லன், மெல்ல.

மூவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு டீ குடித்தார்கள். அந்த நேரம் பார்த்து வாசலில் பெரிய கார் வந்து நின்றது. நாளைக்கு மகள் பள்ளியில் விழா, ஒரு கை போட்டுவிடு என்று சொல்லிக்கொண்டே இடி உள்ளே நுழைந்தார். கூடத்தைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார். காமெடி நடிகரின் டம்ளருக்குள்ளிருந்து முதல் சிரிப்பு வெடித்தது. டீ வில்லனின் சட்டையில் தெறித்தது. அதன் பிறகு அந்தச் சிரிப்பை யாராலும் பிடித்து நிறுத்த முடியவில்லை. மாமியார் இன்னும் பால் வாங்கிவர மகனைக் கடைக்கு விரட்டினார்.

பஞ்சக்கா ஜன்னல் திரையை முழுவதும் ஒதுக்கினாள். காலை வெளிச்சம் நாலு முகத்திலும் விழுந்தது. நாலும் நாலு விதமான மாநிறம்.

“யார் முதல்ல உக்காருறீங்க?” என்றாள்.

நாலு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.